கரும்பலகையின் இடது பக்கம்

ஒன்பதாம் வகுப்பு அரையாண்டு அறிவியல் வினாத்தாளில் ‘அழுத்தம் - வரையறு’ என்று இரண்டு மதிப்பெண் கேள்வி ஒன்று இருந்தது. அதற்கு ஒரு பெண் படம் வரைந்து வைத்திருந்தாள். ஒரு வெறுங்கால் கருவேல முள்ளை மிதித்திருந்தது. முள் பாதி உள்ளே ஏறியிருந்தது. பக்கத்திலேயே இன்னொரு வெறுங்கால் செங்கல்லின் மேல் சுகமாக நின்றுகொண்டிருந்தது. கீழே ஒரு வார்த்தை இல்லை. படத்தைச் சுற்றி ஸ்கேல் வைத்துக் கட்டம் மட்டும் போட்டிருந்தாள்.

நான் சிவப்பு மையில் ஒரு முட்டை போட்டேன். அதோடு விட்டிருக்கலாம். ஆசிரியர் அறைக்கு எடுத்துப்போய் எல்லோருக்கும் காட்டினேன். “பாருங்க, வரையறுன்னா வரையச் சொல்றாங்கன்னு நெனச்சிருக்கு” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். எல்லார் மேசையிலும் திருத்தாத கட்டுகள் குவிந்து கிடந்த நேரம். சிரிக்க ஏதாவது கிடைத்தால் போதும் என்றிருந்தது.

தொண்ணூறுகளின் கடைசி அது. நான் வேலையில் சேர்ந்து மூன்றாவது வருடம். வீடு அரியலூரில், பள்ளி தா.பழூர் பக்கத்தில் ஒரு கிராமத்தில். காலை ஏழேகால் பஸ்ஸை விட்டால் விக்கிரமங்கலம் வழியாக அடுத்த பஸ் எப்போது வரும் என்று கண்டக்டருக்கே தெரியாது. அரசு உயர்நிலைப் பள்ளி, அறிவியலுக்கு நான் ஒருத்திதான். ஆறாம் வகுப்பிலிருந்து பத்து வரை ஒரு நாளைக்கு ஏழு பீரியடு கத்திவிட்டு, சாயங்காலம் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால் வீடு வரும்வரை வாய் திறக்க மாட்டேன். தொண்டை எப்போதும் புண்ணாகவே இருந்தது. பக்கத்து ஸீட்டுக்காரர்கள் நான் திமிர் பிடித்தவள் என்று நினைத்திருப்பார்கள்.

ஜனவரியில் தாள்களைத் திருப்பிக் கொடுத்த அன்று அந்தப் பெண்ணை எழுந்து நிற்கச் சொன்னேன். வகுப்பிலேயே உயரமானவள். எழுந்தால் தலையைக் கொஞ்சம் குனிந்துகொண்டு நிற்பாள்.

“கேள்வி என்ன, நீ என்ன பண்ணி வெச்சிருக்க?”

“வரையறுன்னுதான டீச்சர் கேட்டிருக்கு? வரைஞ்சிருக்கேன்.”

வகுப்பு சிரிக்கும் என்று எதிர்பார்த்தேன். யாரும் சிரிக்கவில்லை. எனக்குச் சுருக்கென்றது. “வேற யாரெல்லாம் வரையணும்னு நெனச்சீங்க?” என்று கேட்டேன். முதலில் ஒரு கை, பிறகு பின் பெஞ்சில் நாலைந்து, கடைசியில் பாதி வகுப்பு கை தூக்கியிருந்தது.

“அப்புறம் நீங்கல்லாம் ஏன் வரையல?”

“என்னத்த வரையறதுன்னு தெரியல டீச்சர்” என்றான் ஒரு பையன்.

அந்தப் பெண்ணுக்கு மட்டும் என்ன வரைவது என்று தெரிந்திருக்கிறது. அது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவளை உட்கார வைக்காமலே கேட்டேன். “முள்ளு ஏன் ஏறுது? செங்கல்லு ஏன் ஏறல?”

“முள்ளு முனை சின்னதுல்ல டீச்சர். நம்ம கனம் பூரா அந்த ஒரு எடத்துலயே எறங்குது. செங்கல்லுல கால் பூரா பட்டுடுது. கனம் பிரிஞ்சு போயிடுது.”

இதைவிடத் தெளிவாக அழுத்தத்தை யாரும் எனக்குச் சொன்னதில்லை. புத்தகத்தில் இப்படி இருந்தது: ‘ஓரலகு பரப்பின் மீது செங்குத்தாகச் செயல்படும் விசை அழுத்தம் எனப்படும்.’ அதை எழுத்துப் பிசகாமல் எழுதி இரண்டு மதிப்பெண் வாங்கிய பெண் முதல் பெஞ்சில் இருந்தாள். அவளிடம் ஓரலகு என்றால் என்ன என்று கேட்டேன். திருதிருவென்று விழித்தாள்.

“சாமிக்குக் குத்திக்குவாங்களே, அந்த அலகா டீச்சர்?” என்றான் பின்னாலிருந்து ஒருவன்.

“போடா, கோழி மூக்குடா” என்றான் அவன் பக்கத்தில் இருந்தவன்.

இப்போது எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் பஸ்ஸில் திரும்பும்போது அந்தச் சிரிப்பு நிலைக்கவில்லை. ஓரலகு பரப்பு என்றால் என்ன என்று எனக்கு நானே, புத்தக வார்த்தை இல்லாமல், சொல்லிப் பார்த்தேன். விக்கிரமங்கலம் தாண்டும்வரை வரவில்லை. ஒரு சதுர மீட்டர் இடத்தில் எவ்வளவு விசை விழுகிறது என்று பார்ப்பது, அவ்வளவுதான். அதைக் கண்டுபிடிக்க எனக்கு அரை மணி நேரம் ஆனது. நான் பி.எஸ்ஸி., பி.எட். முடித்தவள்.

என் அப்பா சுண்ணாம்புக்கல் லாரியில் லோடு ஏற்றிய ஆள். எங்கள் வீட்டில் ‘எனவே’, ‘ஆகையால்’, ‘எனப்படும்’ என்றெல்லாம் யாரும் பேசியதில்லை. பள்ளியில் அந்த வார்த்தைகள் வந்தபோது, மந்திரம் மாதிரி அப்படியே வாயில் போட்டு மென்று, தேர்வில் துப்பிவிட்டு வந்தேன். எனக்கு ஞாபக சக்தி கொஞ்சம் அதிகம். அதில்தான் தப்பித்தேன். கல்லூரியிலும் அதே வழிதான். பிறகு நான் டீச்சராகி, அதே மந்திரத்தை அடுத்த பிள்ளைகளின் வாயில் போட்டுக்கொண்டிருந்தேன். என்னைப் போல ஞாபக சக்தி இல்லாத பிள்ளைகள் ‘படிப்பு ஏறல’ என்ற பெயரோடு வயலுக்கும் குவாரிக்கும் போனார்கள். இதை அன்று பஸ்ஸில் நினைத்தேன். நினைத்துக் களைத்துப்போய்த் தூங்கியும்விட்டேன்.

மறுநாள் பழைய வினாத்தாள்களை வகுப்பில் கொடுத்து, அர்த்தம் தெரியாத வார்த்தைக்கு அடியில் கோடு போடச் சொன்னேன். கடினமான அறிவியல் வார்த்தைகளில்தான் கோடு விழும் என்று நினைத்திருந்தேன். ஐசோடோப்புக்கும் குளோரோபிளுக்கும் பெரிதாகக் கோடு விழவில்லை. அது தெரியாத வார்த்தை என்று அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும், அதைப் படித்து வைத்திருந்தார்கள். கோடெல்லாம் நான் வார்த்தை என்றே எண்ணாத இடங்களில் இருந்தது. வேறுபடுத்துக. காரணிகள். கூற்று. இவற்றுள். ஏனெனில். ஒரு பையன் தாளின் தலைப்பிலேயே கோடு போட்டிருந்தான். ‘எவையேனும் ஐந்தனுக்கு விடையளி’ என்று இருந்தது.

“ஐந்தன் யாருங்க டீச்சர்?” என்றான். “அவனுக்கு எதுக்கு நாம விடை குடுக்கணும்?”

அவன் கிண்டல் செய்யவில்லை. ஒன்பது வருடமாகத் தேர்வு எழுதிக்கொண்டிருக்கிற பையன்.

இதை எடுத்துக்கொண்டு தமிழய்யாவிடம் போனேன். எங்கள் பள்ளியில் தமிழுக்கு அவர் ஒருவர்தான். ஓய்வுபெற இன்னும் ஒன்றரை வருடம்தான் இருந்தது. வெள்ளை வேட்டி கசங்காமல் வருவார், யாரிடமும் அதிகம் பேச மாட்டார். கோடு போட்ட தாள்களைப் புரட்டிப் பார்த்தார்.

“இதெல்லாம் தமிழ்தானம்மா” என்றார்.

“தமிழ்தான் ஐயா. ஆனா அதுங்களுக்குப் புரியல. கொஞ்சம் நீங்க சொல்லிக் குடுத்தா…”

“எனக்குச் செய்யுள் இருக்கு, இலக்கணம் இருக்கு, கட்டுரை இருக்கு. சயின்ஸ் கேள்விய நான் எங்க போயி நடத்துறது? உங்க பாடத்த நீங்கதான் பாக்கணும்.”

அவர் சொன்னதில் தப்பில்லை. சயின்ஸ் புத்தகத்தில் இருக்கிற தமிழ் யாருடைய பாடம் என்று யாரும் பிரித்துக் கொடுக்கவில்லை. அவர் என் பாடம் என்றார், நான் அவர் பாடம் என்று நினைத்திருந்தேன், நடுவில் பிள்ளைகள் நின்றுகொண்டிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை கடைசி பீரியடு விளையாட்டு. அந்த வருடம் பி.டி. சார் கிடையாது, பிள்ளைகளை மைதானத்தில் விட்டுவிட்டு யாராவது வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்போம். ஒன்பதாம் வகுப்புக்கு மட்டும் அந்தப் பீரியடை நான் எடுத்துக்கொண்டேன். பிள்ளைகள் என்னைச் சபித்தார்கள். நியாயம்தான்.

கரும்பலகையின் நடுவில் ஒரு கோடு கிழித்தேன். இடது பக்கத்தில் அவர்கள் வாயால் சொல்வதை, சொன்னபடியே எழுதினேன். வலது பக்கத்தில் அதையே தேர்வுத் தாளில் எழுதுகிற மாதிரி மாற்றுவது. அந்த மாற்றுகிற வேலையை அவர்களே செய்ய வேண்டும். முதல் வாரம் துணி காய்வதைப் பற்றிப் பேசினோம். “வெயில்ல போட்டா வெரசா காஞ்சிடும்”, “காத்தடிச்சா இன்னும் வெரசா காயும்”, “மழ மூட்டமா இருந்தா நாள் பூரா கெடந்தாலும் ஈரம் போவாது” என்று இடது பக்கம் நிரம்பி வழிந்தது. வலது பக்கத்தில் ஒரு வரி வருவதற்குள் மணி அடித்துவிட்டது.

அந்தச் சமயம் பார்த்து எச்.எம். வராண்டாவில் வந்தார். உள்ளே எட்டிப் பார்த்தவர், என்னை வெளியே கூப்பிட்டார்.

“என்ன டீச்சர் இது, போர்டுல கொச்சையா எழுதிப் போட்டிருக்கீங்க? டி.இ.ஓ. திடீர்னு வந்து நின்னா நான் என்ன பதில் சொல்றது?”

“வலது பக்கம் மாத்துறோம் சார்.”

“எடது பக்கத்த முதல்ல அழிங்க” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அவரும் களைத்த மனிதர்தான். கூட்டத்துக்குக் கூட்டம் தேர்ச்சி விகிதத்துக்காக எல்லோர் முன்னாலும் நிற்க வைக்கப்பட்டவர். அழித்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை ஜன்னலைச் சாத்திவிட்டு மறுபடி எழுதினேன்.

வாராவாரம் நடந்தது என்று சொல்ல மாட்டேன். மீட்டிங், காய்ச்சல், பஸ் ஸ்டிரைக், ஓட்டர் லிஸ்ட் வேலை என்று போனது பாதி. நடந்த வாரங்களிலும் நான் பல நாள் எரிந்து விழுந்திருக்கிறேன். ஆனால் மாசி பாதி போவதற்குள் ‘போது’, ‘எனவே’, ‘ஏனெனில்’ மூன்றும் அவர்கள் கைக்குப் பழகியிருந்தன. ‘காற்று வேகமாக வீசும்போது துணி விரைவில் காய்கிறது, ஏனெனில்…’ என்று ஆரம்பித்துவிட்டு, ஏனெனிலுக்குப் பிறகு என்ன என்று யோசித்துக்கொண்டு நிற்பார்கள். முன்பெல்லாம் யோசிக்க அங்கே ஒன்றும் இருந்ததில்லை.

அப்போதுதான் வேலை என்ற பாடம் வந்தது. விசை ஒரு பொருளை நகர்த்தினால், விசையின் திசையில் அது நகர்ந்த தூரத்தைப் பொறுத்து வேலை. தலையில் சுமையோடு சமதளத்தில் நடக்கிறவர், சுமையைத் தாங்கும் விசையைப் பொறுத்தவரை, வேலை எதுவும் செய்யவில்லை. வருடாவருடம் நடத்துகிற பாடம். நடத்திவிட்டுத் திரும்பினால், அந்த உயரமான பெண் எழுந்து நின்றிருந்தாள். தலை குனியவில்லை.

“டீச்சர், எங்கம்மா இப்ப அறுப்புக்குப் போயிட்டிருக்கு. கட்டு சொமந்துகிட்டு வயல்லேருந்து களத்துக்கு நடக்குது. அது வேலை இல்லையா?”

“நாம சொல்ற வேலை வேற. சயின்ஸ்ல வேலைன்னா வேற.”

“அப்ப வேற பேரு வெக்க வேண்டியதுதான டீச்சர்?”

ஏதோ சொல்லி உட்கார வைத்தேன். மணி அடித்தது நல்லதாகப் போயிற்று.

இரண்டு நாள் கழித்து சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தேன். வயலிலிருந்து வந்த கோலத்தில் ஒரு பெண் நேராக என்னிடம் வந்தாள். தலையில் சும்மாட்டுத் துணி அப்படியே இருந்தது, கையெல்லாம் நெல் சுணை. உயரத்தைப் பார்த்ததுமே யாருடைய அம்மா என்று தெரிந்தது.

“ஏங்க டீச்சரு, நான் வேலையே செய்யலன்னு சொன்னீங்களாமே?”

எனக்கு முகம் சிவந்துவிட்டது. “ஐயோ, அப்படி இல்லீங்க. அது புஸ்தகத்துல…”

“இத எங்க நெலத்துக்காரர் காதுல மட்டும் போட்டுறாதீங்க” என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். சண்டைக்கு வரவில்லை என்று தெரிந்ததும் எனக்கு மூச்சு வந்தது. பஸ் வர நேரமிருந்தது. நான் அந்தப் பாடத்தை அந்த நிறுத்தத்தில் வைத்து அவளுக்குச் சொல்லப் பார்த்தேன். கீழேயிருந்து மேலே தூக்குவது வேலை, தூக்கினதை வைத்துக்கொண்டு சமமாக நடப்பது கணக்கில் வராது என்றேன். அவள் கொஞ்சம் யோசித்தாள்.

“அது ஒரு வகையில சரிதாங்க. கட்டத் தூக்கி தலையில வெக்கிறதுக்குத்தான் இன்னொரு ஆளு வேணும். வெச்சிட்டா நாம பாட்டுக்கு நடந்துடலாம். ஆனா களத்துக்குப் போறதுக்குள்ள கழுத்து நொந்து போயிடுதே, அதுக்கு உங்க புஸ்தகத்துல என்ன பேரு?”

“அது இந்தப் பாடத்துல இல்லீங்க.”

“அப்பச் சரி” என்றாள். அவள் எதைச் சரி என்றாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

மறுநாள் அந்த அம்மா சொன்னதையே வகுப்பில் சொன்னேன். தூக்கிவிட இன்னொரு ஆள் வேண்டும், நடக்க ஆள் வேண்டாம். அதை இடது பக்கத்தில் எழுதினேன். வகுப்பில் பாதிப் பேர் அறுப்புக்குப் போய் வந்தவர்கள், உடனே பிடித்துக்கொண்டார்கள். அந்த மாதத் தேர்வில், சுமையோடு சமதளத்தில் நடப்பவர் செய்த வேலை எவ்வளவு, ஏன் என்று கேட்டேன். அந்தப் பெண் இப்படி எழுதியிருந்தாள்:

‘சுமை புவியீர்ப்பு விசைக்கு எதிராக மேலே நகரவில்லை. ஆகையால் அறிவியலின்படி அவர் செய்த வேலை சுழி. ஆனால் அவருக்குக் கழுத்து வலிக்கும். அதற்கான காரணம் இந்தப் பாடத்தில் கூறப்படவில்லை.’

எழுத்துப் பிழை ஒன்றிரண்டு இருந்தது. நான் திருத்தவில்லை. அந்தத் தாளைத் தமிழய்யாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு இரண்டு தரம் படித்தார்.

“அறிவியலின்படின்னு போட்டிருக்கு பாருங்க” என்றார். “அப்புறம் இந்தப் பாடத்தில்னு போட்டிருக்கு. எந்தப் பாடத்துலயும் இல்லன்னு சொல்லல. இது யாரு, அந்த வளத்தியான பொண்ணா? என் கட்டுரை நோட்டுல ஒரு வரி சொந்தமா எழுதாதே அது.”

அந்த வெள்ளிக்கிழமை அவர் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். பிள்ளைகளுக்கு வாய் கட்டிப்போயிற்று, எனக்கும்தான். எப்படியோ நடத்தி முடித்தேன். எல்லோரும் போன பிறகு அவர் போர்டுக்குப் பக்கத்தில் வந்து நின்று வலது பக்கத்தைப் பார்த்தார்.

“‘வெப்பநிலை அதிகரிக்கப்படும்போது ஆவியாதல் அதிகரிக்கப்படுகிறது’ன்னு எழுதியிருக்கீங்க. யாரும்மா ஆவியாதலப் புடிச்சு அதிகரிக்கிறது? ‘அதிகரிக்கிறது’ போதும்.”

“புத்தகத்துல அப்படித்தான் ஐயா இருக்கு.”

“புத்தகத்துல இருக்கும். எழுதினவரு இங்கிலீஷ்ல படிச்சுட்டு எழுதியிருப்பாரு.” இடது பக்கத்தைக் காட்டினார். “இது நல்ல தமிழ். எழுத்துத்தான் பேச்சு மாதிரி இருக்கு, வாக்கியம் நேரா நிக்குது. இதக் கெடுக்காம அந்தப் பக்கம் கொண்டு போகணும். அதுதான் சிரமம்.”

அதற்குப் பிறகு முடிந்த வெள்ளிக்கிழமைகளில் அவரும் வந்தார். நான் அறிவியலைப் பார்த்துக்கொண்டேன், அவர் வாக்கியத்தைப் பார்த்துக்கொண்டார். எங்கள் இருவருக்கும் அதில் பல சண்டை. அவருக்கு ‘பஸ்’ என்று எழுதினால் பிடிக்காது, எனக்கு அவர் ‘பேருந்து’ என்று மாற்றுகிற நேரத்தில் இன்னொரு வரி எழுதலாமே என்று இருக்கும். என் ஆசிரியர் வாழ்க்கையில் கொஞ்சம் இலேசாக இருந்த மாதங்கள் என்றால் அவைதான்.

அடுத்த ஜூனில் அந்தப் பிள்ளைகள் பத்தாம் வகுப்புக்கு வந்தார்கள். எச்.எம். என்னைக் கூப்பிட்டு, பத்தாம் வகுப்புக்கு வெள்ளிக்கிழமைக் கூத்தெல்லாம் வேண்டாம் என்று தீர்மானமாகச் சொல்லிவிட்டார். காலையில் ஸ்பெஷல் கிளாஸ், சாயங்காலம் ஸ்லிப் டெஸ்ட். முக்கியமான கேள்விகளைப் பொறுக்கி, கைடிலிருந்து பதிலை எழுத வைத்து, ஒப்பிக்க வைக்க வேண்டும். நான் எதிர்த்துப் பேசவில்லை. பேசியிருக்கலாம். அந்த வருடம் எனக்குக் கைக்குழந்தை. ஏழேகால் பஸ்ஸைப் பிடிப்பதே எனக்குப் பெரிய காரியமாக இருந்தது. ஒப்பிக்க வைத்தேன். தமிழய்யா ஒன்றும் கேட்கவில்லை. அந்த வருடக் கடைசியில் ஓய்வுபெற்று ஊருக்குப் போய்விட்டார்.

அந்தப் பெண்ணுக்கு ஒப்பிப்பது வரவே இல்லை. பாதி வரியில் நின்று, மீதியைத் தன் வாக்கியத்தில் முடிப்பாள். “கைடுல இருக்கிற மாதிரி எழுதும்மா” என்று நானே எத்தனையோ தடவை சொன்னேன்.

பொதுத்தேர்வில் எல்லாப் பாடத்திலும் தேறிவிட்டாள். ஆனால் அறிவியலில் நான் நினைத்ததைவிட மிகவும் குறைவு. எந்தக் கேள்வியில் போயிற்று, ஏன் போயிற்று என்று தெரியவில்லை. தாளைக் கண்ணால் பார்க்க எங்களுக்கு வழி இல்லை. ஒரு வருடம் கழித்து பஸ்ஸில் அவள் அம்மாவைப் பார்த்தேன்.

“பிளஸ் ஒன்னுல சயின்ஸு கேட்டுச்சுங்க. மார்க்கு பத்தலன்னு குடுக்கல. வேற குரூப்புதான் கெடச்சுது.”

“நல்லாப் படிக்குதா?”

“படிக்குது” என்றாள். என்னைக் குறை சொல்லவில்லை. அந்தப் பெண் பிளஸ் டூ முடித்துவிட்டுக் கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக் கடையில் பில் போடுகிற வேலைக்குப் போனாள் என்று பிறகு யாரோ சொன்னார்கள். நான் போய்ப் பார்த்ததில்லை. கொள்ளிடத்தைத் தாண்டினால் கும்பகோணம்தான். போயிருக்கலாம்.

நான் அந்தப் பள்ளியிலேயே இருந்தேன். இடையில் அரியலூர் தனி மாவட்டம் ஆயிற்று, மறுபடி பெரம்பலூரோடு சேர்ந்தது. எங்களுக்கு எந்த ஆபீசுக்கு அலைவது என்பது மட்டும் மாறியது. எச்.எம். மாறினார், இன்னொருவர் வந்தார், அவரும் மாறினார். போர்டில் கோடு கிழிப்பதைச் சில வருடம் செய்தேன், சில வருடம் உடம்பில் தெம்பில்லாமல் விட்டுவிட்டேன். செய்த வருடங்களில் பிள்ளைகள் நன்றாக எழுதினார்கள். அதற்கு அதுதான் காரணமா என்று யாராவது கேட்டால், அறிவியல் டீச்சராக என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது.

பிறகு ஒரு வருடம் பத்தாம் வகுப்பு விடைத்தாள் திருத்தும் முகாமுக்குப் பெரம்பலூரில் எனக்கு டூட்டி போட்டார்கள். சித்திரை வெயில். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, சுற்றுகிற மாதிரி தெரியும் ஆனால் காற்று வராத ஃபேன். தாள்கள் வேறு மாவட்டத்துப் பிள்ளைகளுடையவை. பெயர் இருக்காது, நம்பர் மட்டும்தான். ஒரு மேசைக்கு ஆறு பேர், எங்களுக்கு மேல் ஒரு சீஃப். அவர் ஒரு பள்ளியின் தலைமை ஆசிரியர், நிதானமானவர். ஒவ்வொருவர் முன்னாலும் விடைக்குறிப்பு ஒட்டிய அட்டை. அதற்குக் கீ என்று பெயர்.

இரண்டாம் நாள் மத்தியானம் ஒரு தாள் வந்தது. அணையின் அடிப்பகுதியை அகலமாகக் கட்டுவது ஏன் என்ற கேள்வி. அந்தப் பிள்ளை எழுதியிருந்தது: ‘ஆழத்துக்குப் போகப்போக தண்ணி ரொம்ப அழுத்தும். மேல அவ்ளோ அழுத்தாது. கீழ தாங்கணும்னு அகலமா கட்டுவாங்க.’ கீயில் இருந்தது: ‘திரவத்தின் ஆழம் அதிகரிக்க அழுத்தம் அதிகரிக்கும்.’

என் கை தானாக முட்டை போடப் போயிற்று. உண்மையைச் சொல்கிறேன். அன்று காலையிலிருந்து நாற்பது தாளுக்கு மேல் பார்த்தாகிவிட்டது, கண் எரிந்தது, கொச்சையாக எழுதினால் வெட்டு என்பது கைக்குப் பழகிப்போயிருந்தது. பேனாவைத் தாளில் வைத்த பிறகுதான் நிறுத்தினேன். எழுந்து சீஃபிடம் கொண்டுபோனேன்.

“ரெண்டு மார்க் போடலாம்னு இருக்கேன் சார்.”

அவர் படித்தார். “பேசற மாதிரி எழுதியிருக்கே டீச்சர். கீயில இருக்கிற வாசகம் எங்க?”

“வாசகம் இல்ல சார். விஷயம் முழுசா இருக்கு. ஆழம்னு சொல்லியிருக்கு, அழுத்தும்னு சொல்லியிருக்கு, அதனால அகலம்னு காரணமும் சொல்லியிருக்கு.”

“அர மார்க் போடுங்க.”

“அர மார்க்குக்கு என்ன சார் கணக்கு? தெரியும்னா ரெண்டு, தெரியாதுன்னா சைபர். இந்தப் புள்ளைக்குத் தெரிஞ்சிருக்கு.”

என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சீஃப் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இது சயின்ஸ் பேப்பரா, தமிழ்ப் பேப்பரான்னு கேக்கறீங்க, அப்படித்தான?”

“ஆமா சார்.”

தாளை மறுபடி ஒரு தரம் படித்தார். “போடுங்க. நான் கையெழுத்துப் போடறேன்” என்றார். பிறகு எங்கள் மேசையில் இருந்த எல்லோரையும் பார்த்து, “விஷயம் சரியா இருந்தா வாசகத்துக்காகக் கொறைக்க வேணாம்” என்று சொன்னார்.

நான் வந்து உட்கார்ந்தேன். எதிரில் ஒரு சின்ன டீச்சர் இருந்தாள், வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாதவள். பேனாவை மூடி வைத்துவிட்டு, தாழ்ந்த குரலில் கேட்டாள்.

“டீச்சர், காலையில எனக்கும் இதே மாதிரி ரெண்டு தாள் வந்துச்சு. ரெண்டுக்கும் முட்டை போட்டுட்டேன். கட்டிக் குடுத்தாச்சு. இப்ப கேட்டு வாங்க முடியுங்களா?”

நாங்கள் இருவரும் சீஃபைப் பார்த்தோம். அவர் காதில் விழுந்திருந்தது. உடனே எழுந்து கட்டுகள் வாங்குகிற அறைக்குப் போனார். கால் மணி நேரம் கழித்து வெறுங்கையோடு திரும்பி வந்தார்.

“மார்க் ஷீட்டோட மேல போயிடுச்சாம்” என்றார்.

அவள் தலையாட்டினாள். டீ வந்தது. ஆளுக்கொரு டம்ளர் எடுத்துக்கொண்டோம். மத்தியானக் கட்டில் இன்னும் பாதி பாக்கி இருந்தது. அவள் டீயைக் குடிக்காமலேயே ஓரமாக வைத்துவிட்டு அடுத்த தாளைப் பிரித்தாள். ஒவ்வொரு வரிக்கும் அடியில் விரலை வைத்து, உதடு அசைய, மெதுவாகப் படிக்க ஆரம்பித்தாள். அந்த வேகத்தில் போனால் முகாம் நேரத்துக்குள் அவள் கட்டு முடியாது. என் கட்டை முடித்துவிட்டு, அவளுடையதில் பத்துத் தாளை என் பக்கம் எடுத்து வைத்துக்கொள்ளலாமா என்று சீஃபிடம் கேட்டேன். விதி இடம் கொடுக்காது என்றார். அவள் முடிக்கிறவரை நானும் சீஃபும் உட்கார்ந்திருந்தோம்.